இருதயமும் இரத்தக் கொழுப்பும்

தென் கொல்கத்தாவில் வாழும் தமிழர்களுக்கு டாலிகஞ்ச் என்னும் பெயரை அறிமுகப்படுத்த வேண்டுவதில்லை. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கித் திரும்புவோர் அன்றாடம் கேட்கும் பெயர் அது. 1770களில் வில்லியம் டாலி என்னும் ஆங்கில அதிகாரி, தூர்ந்து கிடந்த ஆதி கங்கையைத் தோண்டிப் படகுகள் செல்லத்தக்க கால்வாயாக ஆக்கினார். அவர் பெயரே அவ்விடத்திற்கும் அமைந்தது. வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின்னர், அங்கே காவலில் இருந்த திப்பு சுல்தானின் மக்கள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டதும் இப்பகுதியிலேதான். பிற்காலத்தில் படப்பிடிப்பு நிலையங்கள் பல இங்கு எழுந்தன; வங்காளத் திரைப்படத்தின் தாய்வீடு என்ற சிறப்பும் டாலிகஞ்சிற்கு வாய்த்தது.

இங்குள்ள மெட்ரோ ரயில் நிலையம் இன்று வங்காள மக்களின் பேரன்பிற்குரிய நடிகர் உத்தம குமாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1980ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டாலிகஞ்சில் ஒரு படத்தின் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது அவர் நோயுற்றார். ஜூலை 24ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 53. ஒரு பெருங்கலைஞரின் நோயை ஆராய்வது நமது நோக்கமன்று. அவருடைய வயது ஒன்றே இங்கு நம் கவனத்திற்குரியது. ஏனெனில் 53 என்னும் அதே எண், பல ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு பேராராய்ச்சியின் முடிவிலும் வந்து நின்றது.

கேரளத்தில் பிறந்து கனடாவில் பணிபுரியும் சலீம் யூசுப் என்னும் மருத்துவ அறிஞரின் தலைமையில், 52 நாடுகளில் மாரடைப்பு நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி நடைபெற்று, 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோயுற்றோர் சுமார் 15,000 பேரும், ஒப்பு நோக்குவதற்கென நோயற்றோர் ஏறத்தாழ அதே அளவினரும் அதில் இடம்பெற்றனர். அதன் தொடர்ச்சியாக 2007இல் வெளியான கட்டுரையொன்று, தென்னாசிய மக்களிடையே முதல் மாரடைப்பு வரும் வயதை ஆராய்ந்தது. நோயுற்ற தென்னாசியர்களில் பாதிப் பேர் 53 வயதிற்குள்ளேயே அதற்கு ஆளாயினர். பிற நாட்டவர்க்கு அவ்வெல்லை 59 வயதை ஒட்டியிருந்தது. அதாவது, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் முன்னதாகவே இந்நோய் நம்மவரை வந்து அடைகிறது. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் முடியாத வயது அது. பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வந்து, ஒருவர் சம்பாத்தியத்தை நம்பி ஒரு குடும்பமே வாழும் நிலையில், அவ்வாறு ஆண்டுகளின் மதிப்பு இன்னதென்று விவரிக்க வேண்டுமோ?

“நேற்று வரை நன்றாகத்தான் இருந்தார், திடீரென்று நெஞ்சை அடைத்துக்கொண்டு போய்விட்டார்” என்பது நம் வீடுகளில் வழிவழியாகக் கேட்கும் சொல். விதி என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்வதும் வழக்கம். ஆனால் அந்தத் ‘திடீர்’ என்பது பல்லாண்டுகளாக உள்ளுக்குள்ளே உருவாகி வருவது என்பதையும், அதனை ஓரளவு முன்கூட்டியே அறியலாம் என்பதையும் மருத்துவ உலகம் கண்டுகொண்டது நீண்டதொரு வரலாறு. அந்த வரலாற்றின் நடுநாயகமாக விளங்கும் பொருளே கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருள்.

இதனை விஞ்ஞானிகள் முதன்முதல் கண்டது இரத்தத்தில் அன்று. பித்தப்பையில் உண்டாகும் கற்களில். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டார் அதனைக் கண்டனர். 1815ஆம் ஆண்டையொட்டிச் செவ்ரேல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் அதற்குப் பெயர் சூட்டினார். பித்தம், திண்மை என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையே அப்பெயர். நெடுங்காலம் அது ரசாயனக் கூடத்தின் ஒரு விந்தைப் பொருளாகவே இருந்தது. 1910இல் ஜெர்மானிய அறிஞர் விண்டாஸ், நோயுற்றுத் தடித்துப்போன பெருந்தமனியின் சுவரை ஆராய்ந்தார். நோயற்ற தமனியில் இருப்பதைக் காட்டிலும் 20 மடங்குக்கும் மேற்பட்ட கொலஸ்டிரால் அதில் படிந்திருப்பதைக் கண்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1913இல், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அனிச்கோவ் என்னும் இளம் மருத்துவர், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்டிராலை முயல்களுக்கு உணவாகக் கொடுத்துவந்தார். சில மாதங்களில் அம்முயல்களின் இரத்தக் குழாய்களில், மனிதரிடம் காணும் படிவுகளைப் போன்றவை தோன்றின. எனினும் உலகம் இதனை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. எலிகளிடத்தும் நாய்களிடத்தும் இதே சோதனையைச் செய்தவர்கள் அத்தகைய படிவைக் காணவில்லை. முயல் புல்லுண்ணும் பிராணி. அதற்கு ஒவ்வாத உணவைக் கொடுத்துக் கண்ட முடிவு மனிதனுக்கு எவ்வாறு பொருந்தும் என்று பலர் வினவினர். எலியும் நாயும் தம் உடலில் சேரும் கொலஸ்டிராலை வேறு விதமாகக் கையாளுகின்றன என்பது பின்னரே விளங்கிற்று. மூப்பின் இயற்கையான விளைவே இரத்தக் குழாய் தடித்தல் என்ற பழைய எண்ணம் அதுவரை நிலைத்திருந்தது.

இந்த எண்ணத்தை அசைத்தது ஆராய்ச்சிக் கூடமன்று, ஒரு சிற்றூர். அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே பிரேமிங்ஹாம் என்னும் ஊரில், 1948ஆம் ஆண்டு முதல் 5,209 ஆண்களையும் பெண்களையும் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். நோய் வந்தபின் காரணம் தேடாமல், நன்றாக இருப்பவர்களின் இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பு, புகைபிடிக்கும் பழக்கம் முதலியவற்றை முன்னதாகவே குறித்து வைத்துக்கொண்டு, பின்னர் யாருக்கு நோய் வருகிறது என்று காத்திருந்து பார்த்தனர். 1961இல் அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவத்தின் போக்கையே மாற்றிற்று. இரத்தத்தில் கொலஸ்டிரால் மிகுந்தோர்க்கும், இரத்த அழுத்தம் மிகுந்தோர்க்கும் இருதய நோய் அதிகமாக வருகிறது என்பது தெளிவாயிற்று. நோயின் காரணம் ஒன்றே என்று கொள்ளாமல், ‘ஆபத்துக் காரணிகள்’ பல என்று எண்ணும் வழக்கம் அதிலிருந்து வேரூன்றியது.

நம் நாட்டிலும் அதே ஆண்டுகளில் இச்சிந்தனை தலையெடுத்தது. இந்திய இருதய நோய் மருத்துவச் சங்கம் தோன்றியது கல்கத்தாவிலேதான், ஆண்டு 1948. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் நடந்த ஓர் ஆராய்ச்சி, வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்கள் சிறப்பாக அறியத்தக்கது. ரயில்வே மருத்துவ அதிகாரியாக இருந்த எஸ். எல். மல்ஹோத்ரா, நாடெங்கும் பணிபுரிந்த ரயில்வே ஊழியர்களின் மரணக் குறிப்புகளைத் திரட்டி ஒப்பிட்டு, 1967இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். இருதய இரத்தக் குழாய் நோயால் இறப்போர் விகிதம், வடநாட்டாரைக் காட்டிலும் தென்னாட்டாரிடையே சுமார் 7 மடங்கு அதிகம் என்று அவர் கண்டார். ஆனால் கொழுப்பை மிகுதியாக உண்டவர்களோ வடநாட்டார். அதுவும் பெரும்பாலும் பாற்கொழுப்பு.

இச்செய்தியை வைத்துக்கொண்டு, ‘நெய் எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை’ என்று வாதிடுவோர் இன்றும் உளர். அது சரியன்று. இரு பகுதி மக்களிடையே உணவு ஒன்று மட்டுமா வேறுபாடு? உடலுழைப்பு, புகையிலை, வேலையின் தன்மை, நோயைக் கண்டறியும் வசதி எனப் பல வேறுபாடுகள் உள்ளன. இறந்தோரின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டுக் காரணத்தைத் துணிதல் இயலாது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தால் இரத்தக் கொலஸ்டிரால் குறைகிறது என்பது பின்னர்ப் பலமுறை சோதித்து அறியப்பட்டது. எனினும் மல்ஹோத்ராவின் கட்டுரை ஓர் உண்மையை உரக்கச் சொல்லிற்று. மேல்நாட்டாரைப் போல் மாமிசமும் வெண்ணெயும் உண்ணாத தென்னாட்டாரும் இருதய நோய்க்குத் தப்பியவர் அல்லர் என்பதே அது. 2001இல் டாக்டர் வி. மோகனும் அவர்தம் குழுவினரும் சென்னையில் இரண்டு குடியிருப்புகளில், 20 வயதிற்கு மேற்பட்டோரைச் சோதித்து வெளியிட்ட முடிவும் இதற்குச் சான்று. நூற்றுக்குப் பதினொருவரிடம் இருதய இரத்தக் குழாய் நோயின் அறிகுறி காணப்பட்டது.

இனி, கொலஸ்டிரால் என்பது உடலில் யாது செய்கிறது என்று பார்ப்போம். அதனை நஞ்சென்று கருதுதல் கூடாது. உடலின் ஒவ்வோர் உயிரணுவின் உறையும் உறுதியாக இருப்பதற்கு அது வேண்டும். பித்தநீர் உண்டாவதற்கும், சில சுரப்பிநீர்கள் அமைவதற்கும், வெயிலில் தோல் வைட்டமின் டியை ஆக்குவதற்கும் அதுவே மூலப்பொருள். நமக்கு வேண்டிய கொலஸ்டிராலில் பெரும்பகுதியை உடலே ஆக்கிக்கொள்கிறது. அதில் ஈரலின் பங்கு பெரிது. ‘நான் முட்டையைக் கண்ணாலும் பார்ப்பதில்லை; எனக்கு எப்படிக் கொலஸ்டிரால் மிகும்?’ என்று கேட்கும் சைவ உணவினர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

எண்ணெய் நீரில் கரையாதன்றோ? அதுபோலவே கொலஸ்டிராலும் இரத்தத்தில் கரைவதில்லை. எனவே புரதத்தால் ஆகிய சிறு பொதிகளில் ஏற்றப்பெற்றே அது இரத்தத்தில் பயணம் செய்கிறது. இப்பொதிகளுள் இரண்டு முக்கியமானவை. அடர்த்தி குறைந்த பொதிக்கு எல்.டி.எல். என்றும், அடர்த்தி மிகுந்ததற்கு எச்.டி.எல். என்றும் பெயர். எல்.டி.எல். கொலஸ்டிராலை உடலெங்கும் கொண்டுபோகிறது, எச்.டி.எல். மிகுந்ததைத் திரட்டி ஈரலுக்குத் திருப்புகிறது. இரத்தத்தில் எல்.டி.எல். பொதிகள் மிகுந்தால் அவை குழாய்களின் உட்சுவருக்குள் புகுந்து தங்குகின்றன. அவற்றை விழுங்கி அகற்ற வரும் வெள்ளணுக்களும் அங்கேயே கொழுப்பேறித் தேங்குகின்றன. இவ்வாறு இளமையிலேயே தொடங்கும் படிவு, பல ஆண்டுகளில் தடித்து, ஒரு நாள் அதன் மேலுறை கிழிகிறது. கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. இருதயத் தசையின் ஒரு பகுதி இரத்தமின்றித் துடிக்கிறது. இதுவே மாரடைப்பு. படிவு வளர்ந்த இருபது முப்பது ஆண்டுகளில் வலியும் இல்லை, சோர்வும் இல்லை. ஆகவே உடம்பு நன்றாக இருக்கிறது என்னும் உணர்வு, இரத்தக் குழாய் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அதனை அறிவிப்பது சோதனை ஒன்றே.

எல்.டி.எல். சிலருக்கு மட்டும் மிகுவதேன் என்ற வினாவிற்கு விடை கண்டவர்கள், அமெரிக்காவில் டல்லஸ் நகரைச் சேர்ந்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்னும் இருவர். ஈரலின் அணுக்களில் எல்.டி.எல். பொதிகளைப் பற்றி உள்ளே இழுக்கும் ஏற்பிகள் உள்ளன என்பதையும், பரம்பரைக் குறையால் அவை குன்றியவர்களுக்கு இரத்தத்தில் கொலஸ்டிரால் இளமையிலேயே பெருகி நிற்கிறது என்பதையும் அவர்கள் 1970களில் விளக்கினர். 1985இல் நோபல் பரிசு பெற்றனர். சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவரிடம் இக்குறை காணப்படுகிறது. இத்தகையோர்க்குப் பத்திய உணவு மட்டும் போதாது.

அவர்களுக்கு மருந்து தேடிக் கொடுத்தவர் ஜப்பானியரான அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல், ஒரு பூஞ்சையிலிருந்து ஈரலின் கொலஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருளை அவர் பிரித்தெடுத்தார். ‘ஸ்டாட்டின்’ என்று இன்று வழங்கும் மருந்துகளின் மூதாதை அது. இவ்வினத்தின் முதல் மருந்து 1987இல் விற்பனைக்கு வந்தது. ஆயினும் கொலஸ்டிராலைக் குறைப்பதனால் ஆயுள் நீளுமா என்ற ஐயம் எஞ்சியிருந்தது. ஸ்காண்டினேவிய நாடுகளில் இருதய நோயாளிகள் 4,444 பேரைக் கொண்டு நடத்திய சோதனை 1994இல் அந்த ஐயத்தைத் தீர்த்தது. மருந்து உண்டவர்களிடையே மரணம் நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. விண்டாஸின் கண்டுபிடிப்பிலிருந்து இம்முடிவை எய்துவதற்கு 84 ஆண்டுகள் சென்றன.

அறுவைச் சிகிச்சையிலும் நம் நாடு பின்தங்கி நிற்கவில்லை. திறந்த இருதய அறுவை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961இல் வெற்றியுடன் நடந்தது. அடைபட்ட குழாய்க்கு மாற்றுவழி அமைக்கும் அறுவையை இந்தியாவில் முதன்முதல் வெற்றிகரமாகச் செய்தவர் டாக்டர் கே. எம். செரியன், ஆண்டு 1975, இடம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனை. சிகிச்சை நாடி வங்காளத்திலிருந்து வேலூருக்கு ரயிலேறுவோர் இன்றும் பலர். ஆனால் அறுவை என்பது அடைப்பு ஏற்பட்ட பின் செய்யும் செப்பம். அதற்கு முந்திய ஆண்டுகளில் செய்யத்தக்கது யாது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

அதற்கு முதற்படி, சோதனைச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்வது. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்பதே அச்சீட்டில் காணும் எண். பெரும்பாலோர் மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்த்து, 200க்குள் இருந்தால் மகிழ்ந்து சீட்டை மடித்து வைத்துவிடுகின்றனர். இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் மொத்தம் 200 என்றே இருக்கட்டும். ஒருவருக்கு எச்.டி.எல். 60, டிரைகிளிசரைடு என்னும் மற்றொரு கொழுப்பு 100. மற்றவருக்கு எச்.டி.எல். 32, டிரைகிளிசரைடு 240. சோதனைக் கூடங்கள் பலவற்றில் 1972 முதல் வழங்கிவரும் கணக்கின்படி, மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் எல்.டி.எல். கிடைக்கும். இருவருக்கும் அது 120 என்றே வருகிறது. ஆனால் மொத்தத்தில் எச்.டி.எல்.லை மட்டும் கழித்துப் பாருங்கள். முதலாமவருக்கு 140, இரண்டாமவருக்கு 168. தீங்கு செய்யவல்ல பொதிகள் அனைத்தும் அடங்கிய கணக்கு இதுவே. மொத்தம் ஒன்றாயினும் ஆபத்து ஒன்றன்று. எச்.டி.எல். குறைவும் டிரைகிளிசரைடு மிகுதியும் நம் நாட்டாரிடம் பெருவழக்காகக் காணப்படுவதால், இந்த இரண்டாவது கணக்கை நாம் தவறாமல் போட்டுப் பார்க்க வேண்டும்.

முன்னர்க் கூறிய இருதய நோய் மருத்துவச் சங்கம், 2024இல் இந்தியர்களுக்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதன்படி, ஆபத்துக் குறைந்தவர்க்கு எல்.டி.எல். 100க்குக் கீழும், நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவை உடைய மிகு ஆபத்தினர்க்கு 70க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கண்டவர்க்கு 55க்குக் கீழும் இருத்தல் வேண்டும். ஆகவே, ஒருவருக்கு நலமென்று சொல்லும் எண் அடுத்தவருக்கு நலமன்று. முதற் சோதனையை 18 வயதிலேயே செய்துகொள்க என்றும் அந்நெறி கூறுகிறது. நாற்பது கடந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது உணவு. கொல்கத்தாவில் வாழும் நம்மவர் இரண்டு சமையல்களின் சுவைக்கும் வாரிசுகள். காலையில் நெய்ப் பொங்கலும் வடையும், மாலையில் தெருமுனைத் தெலேபாஜாவும் ரசகுல்லாவும் என்றால், இரு நாட்டின் சுமையையும் ஒரே இருதயம் தாங்க வேண்டியதாகிறது. நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றின் நிறைவுற்ற கொழுப்பு எல்.டி.எல்.லை உயர்த்துவது. இனிப்பும், அளவிறந்த அரிசிச் சோறும், மதுவும் டிரைகிளிசரைடை உயர்த்துவன. வனஸ்பதியில் மிகுந்திருந்த திரிபுக் கொழுப்பு எல்லாவற்றினும் கொடியது. எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் அது நூற்றுக்கு 2 பங்கிற்கு மேற்படலாகாது என்று 2022 முதல் சட்டம் வரையறுத்துள்ளது. நல்லெண்ணெயையும் கடுகெண்ணெயையும் அளவோடு பயன்படுத்தலாம். ஆனால் ஒரே எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் தகாது. பருப்பு, கீரை, காய்கறி, பழம், கொட்டை வகைகள் ஆகியவற்றைத் தட்டில் கூட்டி, சோற்றின் குவியலைக் குறைத்தல் நன்று. புகையிலையை எவ்வுருவிலும் விடுதலும், நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடத்தலும் எந்தச் செலவும் வைக்காத மருந்துகள். இவற்றால் அளவு குறையாதவர்க்கு மருத்துவர் மாத்திரை விதித்தால், நான்கு நாள் உண்டு நிறுத்திவிடுதல் கூடாது. உடல் துன்பம் ஏதேனும் தோன்றினால் அவரிடமே சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

நெஞ்சில் பாரம் ஏற்றியது போன்ற அழுத்தமும், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியும், காரணமின்றி வேர்த்தலும் மூச்சுத் திணறலும் தோன்றினால், வாய்வு என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் வைத்துக் காத்திருத்தல் ஆகாது. உடனே இருதய மின்பதிவு எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவு உடையோர்க்கும் பெண்களுக்கும் வலி தெளிவாகத் தோன்றாமலே மாரடைப்பு வருவதுண்டு.

இறுதியாக, வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கென ஒரு வார்த்தை. தந்தையோ சகோதரனோ 55 வயதிற்குள், தாயோ சகோதரியோ 65 வயதிற்குள் மாரடைப்புக் கண்டிருந்தால், அது நம் ஆபத்தையும் மிகுவிக்கும் என்பது மருத்துவர் கணக்கு. கூட்டுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்க்கு அச்செய்தி தானே காதில் விழும். பிரிந்து வாழும் நமக்கோ, பெரியப்பா எந்த வயதில் காலமானார், அத்தைக்கு வந்த நோய் யாது என்பவை மெல்ல மறந்துபோகின்றன. பிள்ளைகளுக்கு அவை தெரிவதே இல்லை. ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது இதனையும் விசாரித்து, ஒரு தாளில் எழுதி, உங்கள் சோதனைச் சீட்டுடன் சேர்த்து வையுங்கள். மருத்துவர் முன் சென்று அமரும்போது இரண்டையும் எடுத்துக் காட்டுங்கள். வயது வந்த பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, அவர்களுக்கும் அச்சோதனையைச் செய்வியுங்கள்.